ஒரே கரடி, இரண்டு சட்டம்: ஓசார்க் மலைப் பயணக் குறிப்புகள்

முதல் நாள்: செயின்ட் சார்ல்ஸ், ஆர்கன்சா

அமெரிக்காவின் ஆர்கன்சாவிலும் அதற்கு வடக்கே மிசூரியிலும் கருங்கரடி திரும்பி வந்த கதையையும், அதை வேட்டையாடும் சட்டங்களையும் தேடிப் போன பயணம் இது. ஆர்கன்சாவின் தலைநகர் லிட்டில் ராக்கிலிருந்து தென்கிழக்கே இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஸ்டட்கார்ட்டைத் தாண்டியதும் இருபுறமும் நெல்வயல். அமெரிக்காவில் விளையும் நெல்லில் ஏறக்குறைய பாதி இந்த மாநிலத்தில்தான். வயல் முடியும் இடத்தில் ஒயிட் ரிவர் ஆற்றங்காடு தொடங்குகிறது. 1935இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு சுமார் 1,60,000 ஏக்கர்.

19ஆம் நூற்றாண்டில் ஆர்கன்சாவுக்குக் 'கரடி மாநிலம்' என்றே பெயர். 1930களில் மாநிலம் முழுக்க மிஞ்சியவை 50க்கும் குறைவு. அவையும் பெரும்பாலும் இந்தச் சதுப்புக்குள் ஒளிந்து பிழைத்தவை. வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து விட்டவையல்ல. மரம் வெட்டுகிறவர்களும் உழவர்களும் எட்ட முடியாத அளவுக்கு இங்கே வெள்ளம் நிற்கும், அதுதான் காரணம். குளிர்காலத்தில் தரை நீரில் மூழ்குவதால் இங்குள்ள கரடிகள் தரைக்குழியில் உறங்குவதில்லை. முதிர்ந்த சைப்ரஸ், ஓக் மரங்களின் உயரத்துப் பொந்துகளில் ஏறிப் படுக்கின்றன. பொந்துள்ள கிழட்டு மரத்தை வெட்டினால் கரடியின் பிரசவ அறையையே வெட்டியதாகும். குட்டிகள் பிறப்பது ஜனவரியில், அந்தப் பொந்துக்குள்.

இந்தப் பயணம் முழுக்க ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கருங்கரடி ஜூன், ஜூலையில் இணை சேரும். கரு உடனே கருப்பையில் ஒட்டாது, நவம்பர் வாக்கில்தான் ஒட்டும். இலையுதிர் காலத்தில் தாய் கொழுக்கவில்லை என்றால் கரு வளராமலே போய்விடும். பிறந்த குட்டிகள் ஒன்றரை வயது வரை தாயோடு இருக்கும். ஆகவே ஒரு பெண் கரடி ஈனுவது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. பிரிந்ததும் ஆண் குட்டி நூறு கிலோமீட்டர்கூட நடந்துபோகும். பெண் குட்டியோ தாயின் எல்லைக்குப் பக்கத்திலேயே குடியேறும். கரடி 'திரும்பி வந்துவிட்டதா' என்ற சண்டையில் பாதி இந்த ஆண்–பெண் வேறுபாட்டைக் கவனிக்காததால் வருவது.

அரசு அதைக் கவனித்தது. தெற்கு ஆர்கன்சாவின் ஃபெல்சந்தல் காப்பகத்தில் கரடியை மீட்க வேண்டியபோது, 2000களில் இந்த ஒயிட் ரிவர் காட்டிலிருந்து பெண் கரடிகளைக் குட்டிகளோடு சேர்த்தே கொண்டுபோனார்கள். கோடையில் பிடித்து விட்டால் பெண் கரடி வந்த வழியே வீட்டுக்கு நடந்துவிடும். குளிர்காலத்தின் கடைசியில், பொந்தில் மயக்க ஊசி போட்டு, தாயையும் சிறு குட்டிகளையும் புதிய காட்டில் முன்பே பார்த்துவைத்த பொந்தில் கிடத்தினால், குட்டிகளை விட்டுப் போக மனமில்லாமல் அங்கேயே தங்கும். அவை நடக்கத் தொடங்கும்போது தாய்க்கும் அந்த இடம் பழகியிருக்கும். 2022 டிசம்பரில் தெற்கு ஆர்கன்சாவில் கரடி வேட்டை திறந்ததற்கு இந்தத் தாய்கள்தான் அடித்தளம்.

அங்கே அதை எல்லோரும் கொண்டாடவில்லை. தெற்கில் மரக் கம்பெனிகளின் பைன் காட்டை மான் வேட்டைச் சங்கங்கள் குத்தகைக்கு எடுத்திருக்கின்றன. மானுக்கு மக்காச்சோளம் தூவும் கருவிகளைக் கரடி ஒன்றுவிடாமல் கவிழ்க்கிறது. அவர்கள் வேட்டைக் காலம் கேட்டது கரடி மேல் ஆசை வைத்து அல்ல, சோளச் செலவு தாங்காமல். புதிய வேட்டை விலங்கு கிடைத்தது என்று மகிழ்கிறவர்களும் அதே சங்கங்களில் இருக்கிறார்கள், பெரும்பாலும் இளையவர்கள்.

இரண்டாம் நாள்: ஆயில் ட்ரஃப்

வடக்கே, பேட்ஸ்வில் பக்கம், ஒயிட் ரிவர் கரையிலேயே ஒரு சிற்றூர். நின்று பார்க்க அதிகமில்லை. பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பலாம். ஆனாலும் இந்த வழியாக வருவதில் பொருள் உண்டு. கரடி ஏன் அழிந்தது என்பதன் கணக்குப் புத்தகம் இந்த ஊர். இங்கே கொன்ற கரடிகளின் கொழுப்பை உருக்கி, மரத்தைக் குடைந்து செய்த தொட்டிகளில் ஊற்றி, படகில் நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பினார்கள். சமையலுக்கும் விளக்குக்கும் தலைமுடிக்கும் அதுதான் எண்ணெய். உச்சவரம்பு இல்லை, வேட்டைக் காலம் இல்லை, தாய் குட்டி என்ற பேதம் இல்லை. கூடவே காடும் வெட்டப்பட்டது.

'வேட்டைக்காரர்கள்தான் கரடியைக் காப்பாற்றினார்கள்' என்று நாளை முதல் நிறையக் கேட்கப்போகிறோம். அதில் உண்மை இருக்கிறது. ஆயில் ட்ரஃப்பைப் பார்த்துவிட்டுக் கேட்பது நல்லது.

மூன்றாம் நாள்: ரஸ்ஸல்வில்லிலிருந்து ஜாஸ்பர் வரை, நெடுஞ்சாலை 7

சாலை ஓசார்க் தேசிய வனத்தின் நடுவே ஏறி இறங்குகிறது. நூறு கிலோமீட்டருக்குள்தான், ஆனால் வளைவுகளால் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் நடுவில் இலை இன்னும் முழுதாக உதிரவில்லை. காட்டுக்குள் முப்பது மீட்டருக்கு மேல் கண் போகாது.

1958 முதல் 1968 வரை மாநிலத்தின் வனவிலங்குத் துறையான ஆர்கன்சா கேம் அண்ட் ஃபிஷ் கமிஷன் மின்னசோட்டாவிலிருந்தும் கனடாவின் மானிடோபாவிலிருந்தும் சுமார் 254 கரடிகளைக் கொண்டுவந்து விட்டது. ஓசார்க்கில் பைனி கிரீக், ஒயிட் ராக். தெற்கே வாஷிடா மலையில் மட்டி கிரீக். 1980இல் வேட்டை மறுபடி திறந்தது. இன்று மாநிலத்தில் கரடிகள் 5,000க்கு மேல் என்பது துறையின் மதிப்பீடு. ஆண்டுக்குச் சில நூறு சுடப்படுகின்றன. பெரிய ஊனுண்ணி ஒன்றை மறுபடி குடியேற்றிய முயற்சிகளில் உலகிலேயே மிக வெற்றியானவற்றுள் இதைச் சேர்க்கிறார்கள். துறை நடந்தது வேட்டை உரிமப் பணத்திலும், 1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் மத்திய வரியிலும். நீண்ட துப்பாக்கிக்கு 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10. வேட்டைக்காரர் உரிமை பேசுவது இந்த ரசீதை வைத்துத்தான்.

இந்த மலையில் பேச்செல்லாம் இரை வைப்பதைப் பற்றியே. தேசிய வனத்தில் இரை வைக்கக் கூடாது. தனியார் நிலத்தில் வைக்கலாம். முறை இது. 200 லிட்டர் இரும்பு டிரம்மைச் சங்கிலியால் மரத்தோடு கட்டுவார்கள், இல்லையென்றால் முதல் இரவே ஓடைக்குள் உருட்டிவிடும். பக்கவாட்டில் கரடியின் கை நுழையும் அளவு ஒரு துளை. உள்ளே பழைய ரொட்டி, டோனட், சோளப்பொரி, நாய்த்தீனி, மேலே கரும்புப் பாகு. சமையல் செய்து மிஞ்சிய எண்ணெயை டிரம்மைச் சுற்றி மண்ணில் ஊற்றுவார்கள். கரடி அதை மிதித்து, போகும் வழியெல்லாம் பாதத்தால் மணம் பூசிவைக்கும். அடுத்த கரடி அந்தத் தடம் பிடித்து வரும்.

கெட்டுப்போவது எங்கே? ஒன்று, வெறும் மக்காச்சோளம் வைப்பது. காட்டுப்பன்றியும் ரக்கூனும் வந்து குடியிருக்கும். பன்றிக் கூட்டம் பிடித்த இடத்தைக் கரடி மதிக்காது. இரண்டு, சாக்லேட். அதிலுள்ள தியோபுரோமின் கரடிக்கு நஞ்சு. நியூ ஹாம்ப்ஷயரில் 2014இல் சாக்லேட் இரை தின்ற இடத்திலேயே நான்கு கரடிகள் செத்துக் கிடந்தன. அந்த மாநிலம் அதைப் பிறகு தடை செய்தது. சர்க்கரைக்குப் பதிலாக சைலிட்டால் சேர்த்த தின்பண்டமும் வேண்டாம். மூன்று, நேரம் தவறி இரை நிரப்புவது. நடுப்பகலில், தினம் ஒரே நேரத்தில், ஒரே வண்டியில் வந்தால் கரடி அந்தச் சத்தத்தைச் சாப்பாட்டு மணியாக எடுத்துக்கொள்ளும்; அதுதான் வேண்டும். மாலையில் போனால் வந்துகொண்டிருக்கும் கரடியை விரட்டிவிடுவீர்கள். பிறகு அது இரவில் மட்டும் வரும்.

எல்லாம் சரியாகச் செய்தும் கரடி வராத ஆண்டு உண்டு. காரணம் ஓக் கொட்டை. வெள்ளை ஓக் பூத்த ஆண்டிலேயே கொட்டை உதிர்க்கும். சிவப்பு ஓக்குக்கு இரண்டு ஆண்டு பிடிக்கும். ஏப்ரலில் பின்பனி பூவைக் கருக்கினால் வெள்ளை ஓக் அந்த ஆண்டே ஏமாற்றும், சிவப்பு ஓக் அடுத்த ஆண்டு. வெள்ளை ஓக் நன்றாகக் காய்த்தால் கரடிக்கு டோனட் தேவையில்லை. மலைமுகட்டிலேயே தின்று படுக்கும், வேட்டைக் கணக்கும் குறையும். காய்ப்பு பொய்த்தால் டிரம்முக்கும் வரும், சாலையையும் கடக்கும், குப்பைத்தொட்டிக்கும் இறங்கும். ஒரு ஆண்டு நிறையச் சுட்டார்கள் என்பதால் கரடி பெருகிவிட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் மரத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இரை வைப்பது நியாயமா? எதிர்ப்பவர்கள் வேட்டைக்காரர்களுக்குள்ளேயே உண்டு. டிரம்மில் தலை விட்டிருக்கும் விலங்கைச் சுடுவது வேட்டையே அல்ல என்பது அவர்கள் வாதம். ஆதரிப்பவர்களின் பதில் எங்களுக்கு வலுவாகவே படுகிறது. இந்த அடர்ந்த காட்டில் நடந்துபோனால் கரடி தெரிவது நான்கு நொடி. பதினைந்து, இருபது மீட்டரில் பரணில் உட்கார்ந்திருந்தால் பத்து நிமிடம் பார்க்கலாம். டிரம்மின் உயரம் ஏறக்குறைய 88 சென்டிமீட்டர். நான்கு காலில் நிற்கும் கரடியின் முதுகு அதன் பாதி உயரத்தை ஒட்டினால் சிறுசு. மேல் விளிம்பை நெருங்கினால் பெரிய ஆண். காது தலையளவுக்குப் பெரிதாக, உச்சியில் நிமிர்ந்து தெரிந்தால் இளசு; சிறிதாகப் பக்கவாட்டில் தள்ளித் தெரிந்தால் முதிர்ந்தது. குட்டிகள் பல சமயம் பின்தங்கி மரத்தில் ஏறி நிற்கும். கரடி அடிக்கடி திரும்பி ஒரே திசையைப் பார்த்தால் வில்லை இறக்குங்கள், அங்கே குட்டி இருக்கும். பெண்ணை விட்டு ஆணை எடுப்பதற்கு இவ்வளவு நேரம் வேறு எந்த முறையிலும் கிடைக்காது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை எல்லோரும் பயன்படுத்துவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நான்காம் நாள்: ஜாஸ்பரிலிருந்து ஹாரிசன் வழியாக மிசூரி எல்லை

இன்று வேட்டைக்குப் போகாதவர்கள் கேட்க வேண்டிய விஷயம். கரடி திரும்பிய ஊரில் முதலில் உடைவது மூன்று: மான் தீனிக் கருவி, தேன்கூட்டுப் பெட்டி, பரண். பரணை ஏன் என்று பலர் வியக்கிறார்கள். பஞ்சு இருக்கை, பிளாஸ்டிக் பட்டை, கேமரா உறை எல்லாவற்றிலும் பெட்ரோலிய மணம் உண்டு; கரடிக்கு அதைக் கடித்துப் பார்க்காமல் முடியாது. வேட்டைக் காலம் முடிந்ததும் இருக்கையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பரணைக் கட்டும் பட்டையை ஏறும் முன் ஒவ்வொரு முறையும் தடவிப் பாருங்கள். பாதி கடிபட்ட பட்டை தரையிலிருந்து தெரியாது.

தேனீப் பெட்டிக்கு மின்வேலிதான் மருந்து. ஐந்து கம்பி, இருபது முதல் இருபத்தைந்து சென்டிமீட்டர் இடைவெளி, முழங்காலுக்குக் கீழேயே முதல் கம்பி. வேலியில் குறைந்தது 5,000 வோல்ட் இருக்க வேண்டும். மண்ணில் இறக்கும் தரைக்கம்பி இரண்டு மீட்டருக்குக் குறையக் கூடாது. வறண்ட பாறை நிலத்தில் அதையும் நம்பாமல், ஒன்றுவிட்டு ஒரு கம்பியைத் தரையோடு இணைப்பார்கள். கரடி இரண்டு கம்பிகளைச் சேர்த்துத் தொட்டால் மின்சாரம் அதன் உடல் வழியே சுற்று முடிக்கும். கரடியின் அடர்ந்த மயிர் மின்சாரத்தைத் தடுக்கும். ஆகவே கம்பியில் அலுமினியத் தாளில் கடலை வெண்ணெய் தடவித் தொங்கவிடுவது வழக்கம். முதல் அடி ஈர மூக்கில் விழ வேண்டும். வேலி தோற்பது பெரும்பாலும் புல்லால்தான். வளர்ந்த புல் கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். இன்னொன்று: கரடி ஒருமுறை தேனை ருசித்த பிறகு போடும் வேலிக்குப் பாதிப் பயன்தான். பெட்டி வைக்கும் அன்றே வேலியும் வர வேண்டும்.

மான் குட்டிகளைக் கரடி தின்றுவிடும் என்ற புகாரும் எல்லையின் இருபுறமும் உண்டு. தின்கிறது. ஆனால் ஜூன் மாதத்து முதல் சில வாரங்கள்தான். அதற்குப் பிறகு மான்குட்டியைத் துரத்திப் பிடிக்கக் கரடியால் ஆகாது.

ஐந்தாம் நாள்: பிரான்சனிலிருந்து வெஸ்ட் ப்ளெயின்ஸ், மிசூரி

மலையும் மரமும் அதேதான். கரடியும் அதேதான், பெரும்பகுதி ஆர்கன்சாவிலிருந்து எல்லை கடந்து பரவியவை. அழியாமல் மிஞ்சிய பழைய மிசூரிக் கரடிகளின் வழித்தோன்றல்களும் சில உண்டு என்று மரபணு ஆய்வு காட்டியது. சட்டம் மட்டும் தலைகீழ். 2021இல் வேட்டை திறந்தபோது வைத்த விதி: இரை கூடாது, வேட்டைநாய் கூடாது, வெளிமாநிலத்தார் கூடாது.

மிசூரியின் முதல் கரடி வேட்டை 2021 அக்டோபர் 18 முதல் 27 வரை நடந்தது. மூன்று மண்டலம். உச்சவரம்பு 20, 15, 5 என மொத்தம் 40 கரடி. அனுமதிச் சீட்டு 200, 150, 50 என 400, குலுக்கலில். விண்ணப்பித்தவர்கள் 6,000க்கு மேல். விழுந்த கரடிகள் 12.

இந்தப் பன்னிரண்டை வைத்து மூன்று கட்சி. நாற்பது என்பது காகிதத்தில் எழுதிய எண். இரையும் நாயும் இல்லாமல் பத்து நாளில் இந்தக் காட்டில் அதை எட்டவே முடியாது, வேண்டுமென்றே இப்படி வகுத்தார்கள் என்பது ஒரு கட்சி. எட்டாவிட்டால் என்ன, தலைமுறைக்குப் பிறகு கதவு திறந்திருக்கிறது, மெல்லப் போகட்டும் என்பது இன்னொன்று. மூன்றாவது கட்சிக்கு வேட்டையே வேண்டாம். ஆர்கன்சா போல ஆயிரங்கள் சேரும்வரை விடுங்கள் என்கிறார்கள். அந்தக் கட்சியிலும் மான் வேட்டைக்காரர்கள் இருக்கிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதல் வேட்டைக்கு முன் மிசூரி வனவிலங்குத் துறையின் மதிப்பீடு 540 முதல் 840 கரடிகள், வளர்ச்சி ஆண்டுக்கு ஏறக்குறைய 9 சதவீதம். நடுவில் 700 என்று வைத்தால் ஆண்டுக்கு அறுபதுக்கு மேல் கூடும். நாற்பதும் விழுந்தாலும் கூட்டம் குறையாது. பன்னிரண்டு விழுந்தால் வளர்ச்சியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்த நாற்பதில் பெரும்பாலானவை பெண்ணாகிவிட்டால் கணக்கு மாறும். துறையின் தயக்கம் அங்கே இருக்கிறது, அதைத் தவறென்று எங்களால் சொல்ல முடியவில்லை. நடந்து தேடும் வேட்டையில் ஆண் பெண் பார்த்துச் சுட நேரம் கிடைப்பதில்லை. அப்படியிருக்க இரையைத் தடுத்துவிட்டுப் பெண்ணைக் காக்க நினைப்பது ஒரு கையால் கட்டி மறு கையால் அவிழ்ப்பது என்று ஆர்கன்சாக்காரர்கள் கேலி செய்வதிலும் நியாயம் இருக்கிறது.

எண்ணிக்கையே பொய் என்பவர்களும் உண்டு: என் நிலத்து ஐந்து கேமராவிலும் கரடி, இவர்கள் ஐந்நூறு என்கிறார்களே! கருங்கரடிக்குப் புலியைப் போல வரி கிடையாது. ஒரே ஆண் ஒரே வாரத்தில் ஐந்து கேமராவிலும் விழும். துறை எண்ணுவது மயிரை வைத்து. நான்கைந்து மரங்களைச் சுற்றி அரை மீட்டர் உயரத்தில் முள்கம்பி கட்டி, நடுவில் நாற்றமுள்ள மருந்தை வைப்பார்கள். கம்பியைத் தாண்டும் கரடி மயிரை விட்டுப்போகும். வேர் உள்ள மயிரில் மரபணு எடுத்தால் எந்தக் கரடி, ஆணா பெண்ணா, எத்தனை முறை வந்தது என்று தெரியும். முன்பு வந்த கரடிகளில் எத்தனை மறுபடி சிக்குகின்றன என்ற விகிதத்திலிருந்து மொத்தத்தைக் கணிக்கிறார்கள்.

மிசூரியில் கரடியைக் கண்டுபிடிக்க ஒரே வழி தீனியைக் கண்டுபிடிப்பது. செப்டம்பரிலேயே வெள்ளை ஓக் நிற்கும் முகடுகளில் நடந்து, கிளை முறிந்து தொங்குகிறதா என்று பாருங்கள். கொட்டை உதிரும்வரை கரடி காத்திருக்காது, ஏறி ஒடித்துத் தின்னும். எச்சத்தில் கொட்டை ஓடு இருந்தால் அது ஈரமா என்று பாருங்கள். காலையில் வெயில் ஏறியதும் காற்று மலை மேலே எழும், மாலையில் கீழே இறங்கும். ஆகவே காலையில் மேலிருந்தும் மாலையில் கீழிருந்தும் அணுகுங்கள். பொந்திலுள்ள கரடியையும் குட்டியோடிருக்கும் தாயையும் சுடக் கூடாது. ஒவ்வொரு நாளும் காட்டுக்குள் போகும் முன் உங்கள் மண்டலம் திறந்திருக்கிறதா என்று தொலைபேசியிலோ இணையத்திலோ பார்ப்பது கட்டாயம். சுட்ட அன்று இரவு 10 மணிக்குள் பதிவு செய்ய வேண்டும். பிறகு வயது பார்க்க ஒரு பல்லையும் துறைக்குக் கொடுக்க வேண்டும்.

ஆறாம் நாள்: வினோனா, பெக் ராஞ்ச்

பெக் ராஞ்ச் 2011இல் கென்டக்கியிலிருந்து எல்க் மான்களைக் கொண்டுவந்து விட்ட இடம். வண்டியிலிருந்தே பார்க்கும் பாதை உண்டு. நிர்வகிக்கப்பட்ட வேட்டை நாட்களில் மூடிவிடுவார்கள், போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாலை சமையல் பேச்சுக்கு மாறியது. கரடியின் கொழுப்பும் மயிரும் போர்வை போலச் சூட்டைப் பிடித்துவைக்கும். அக்டோபர் பகலில் 25 டிகிரி வெப்பம் இருந்தால் தோலை உரிக்காமல் விட்ட இறைச்சி சில மணி நேரத்தில் எலும்பை ஒட்டிக் கெட்டுவிடும். உடனே குடலெடுத்து, தோலுரித்து, தொடைகளைப் பிரித்து ஐஸில் வையுங்கள். ஐஸ் உருகிய தண்ணீரில் இறைச்சி ஊறக் கூடாது. கரடி இறைச்சியில் டிரிக்கினெல்லா புழு இருக்கலாம். உறைய வைத்தால் செத்துவிடும் என்பது பன்றியின் புழுவுக்குத்தான் பொருந்தும், கரடியில் வரும் சில வகைகள் உறைபனியைத் தாங்கும். புகைபோடுவதும் உப்புக்கண்டம் போடுவதும் போதாது. நடுவில் 71 டிகிரி செல்சியஸ் ஏறும்வரை வேக வேண்டும். ஊசி வெப்பமானி இல்லாமல் கரடியை அடுப்பேற்ற வேண்டாம்.

கொழுப்பை எறிவதில்லை. இறைச்சித் துணுக்கை முழுதாக நீக்கி, சிறு துண்டாக்கி, அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சிறுதீயில் உருக்கி, துணியில் வடிகட்டினால் ஆறியதும் வெள்ளையாக உறையும். தீ கூடினால் பழுப்பாகி நாறும். இறைச்சி ஒட்டியிருந்தால் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். ஒயிட் ரிவரில் படகேறிய அதே எண்ணெய்தான் இது.

மிசூரிக் குலுக்கலுக்கு விண்ணப்பம் மே மாதம். 2021இல் கட்டணம் 10 டாலர், சீட்டு விழுந்தால் மேலும் 25 என்று இருந்தது. சொந்தமாகக் குறைந்தது 20 ஏக்கர் உள்ள குடியிருப்பாளர்களுக்குப் பத்தில் ஒரு பங்கு ஒதுக்கீடு உண்டு, ஆனால் தங்கள் நிலத்தில் மட்டுமே சுடலாம். வெளிமாநில உரிமத்தோடு போக நினைப்பவர்கள் எல்லைக்குத் தெற்கே, ஆர்கன்சாவில்தான் முயல வேண்டும்.

வடக்கே 44ஆம் நெடுஞ்சாலையைத் தாண்டிக் கரடி தென்படுவதாகச் செய்தி வரும்போதெல்லாம் மூன்றாம் மண்டலத்தின் உச்சவரம்பைக் கூட்டச் சொல்லிக் குரல் எழுகிறது. தென்படுபவை பெரும்பாலும் ஜூனில் தாயை விட்டு ஓடிவந்த இளம் ஆண்கள். சாலைக்கு வடக்கே குட்டியோடு ஒரு தாய் ஒவ்வோர் ஆண்டும் படத்தில் விழத் தொடங்கிய பிறகு அந்தக் கோரிக்கையைப் பேசலாம்.